முதுகுப் பக்கமாக இறங்கியவர்

பதினெட்டு வருஷமாக லிஃப்ட் பழுது பார்க்கிறவருக்கு மலை ஏறும் ஆசை வந்ததற்கு அவர் மச்சினன்தான் காரணம். மனைவியின் தம்பி, பஸ் டிரைவர். போன வருஷம் ஏறிவிட்டு வந்து, "உங்களால முடியாது மாமா. பாதி வழியில உங்களை நான்தான் முதுகுல தூக்கிட்டு வரணும்" என்றான். அப்படி மட்டும் நடந்துவிட்டால், ஆயுசுக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

லிஃப்ட்காரர் எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டார். பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில் மூன்று மாதம், தினமும் வேலைக்கு முன் நான்கு தடவை படியேறினார். ஒவ்வொரு தடவையும் கீழே வந்தது லிஃப்டில். இரும்புக் கயிற்றின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தால் அன்றைய சோதனையும் முடிந்துவிடும் அல்லவா?

மலையில் அவர் ஏறிய வேகத்தில் கூட வந்த மனைவிக்கே பெருமை தாங்கவில்லை. மச்சினன் நின்று நின்று மூச்சு வாங்க, இவர் உச்சியில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்தார்.

"மெதுவா வா மாப்ள. மலை எங்கயும் போயிடாது."

இறங்கத் தொடங்கி அரை மணி நேரம்கூட ஆகவில்லை, தொடை வெடவெடத்தது. முழங்கால் தானாக மடிந்தது. ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"என்ன மாமா, குனியட்டுமா? ஏறிக்கிறீங்களா?"

"போடா."

"ஏங்க, என்ன பண்ணுது?" என்று மனைவி பதறினாள்.

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. "ஏறுறது மோட்டார் வேலை. இறங்குறது பிரேக் வேலை. மூணு மாசமா பிரேக்கைத் தொடவே இல்லம்மா!"

சற்று யோசித்தார். மலையைப் பார்த்துத் திரும்பி, ஏணியில் இறங்குவதுபோல் ஒரு காலைப் பின்னால் வைத்தார். முழங்கால் தாங்கியது.

"நீ கீழ நின்னு வழி சொல்லு" என்றார் மனைவியிடம்.

"இடது பக்கம் கல்லு. ம், வைங்க. இத்தனை வருஷமா என் பேச்சைக் கேக்காத மனுஷன், இன்னிக்கு அடிக்கு அடி கேக்கறாரு!"

மச்சினன் விழுந்து விழுந்து சிரித்தான். ஆனால் சரிவில் அவனுடைய கட்டைவிரல்கள் புது ஷூவின் முனையில் இடித்துக்கொண்டே இருந்தன. இரண்டு வளைவு தாண்டியதும் சிரிப்பு நின்றது. யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு அவனும் திரும்பினான்.

"அக்கா, எனக்கும் சொல்லு."

எதிரே ஏறி வந்த ஓர் அம்மாள் நின்றுவிட்டாள். "மேல அப்படி என்னங்க இருக்கு? கண்ணை எடுக்காம இறங்கறீங்க?"

"போய்ட்டு வாங்க. வரும்போது தெரியும்" என்றார் லிஃப்ட்காரர்.

அடிவாரத்துக்கு அவர் தன் கால்களில்தான் வந்து சேர்ந்தார். அவரைத் தூக்கி வருவதாகச் சொன்னவன் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு, அக்காவின் தோளில் சாய்ந்து நொண்டிக்கொண்டு வந்தான். இப்போதெல்லாம் வீட்டில் மலைப் பேச்சு எழுந்தால், முதலில் பேச்சை மாற்றுகிறவன் அவன்தான்.