ஒட்டகத்தில் போன நல்ல சேதி

பனி உருகிச் சேறாகிக் கிடந்த மேய்ச்சல் வெளியில், ஜானுசாக்கின் ஆட்டுமந்தைக்கு நடுவே ஒருவர் பாராசூட்டில் வந்து இறங்கினார். ஆரஞ்சு உடுப்பு, தலையில் பெரிய கவசம். மனிதர்கள் விண்வெளிக்குப் போய்வரத் தொடங்கியிருந்த காலம் அது. வந்தவர் அங்கிருந்துதான் திரும்புகிறார் என்று தெரிந்ததும், ஜானுசாக்கின் மனைவி உல்பிகே அவரை வீட்டுக்குள் அழைத்துப்போய் டீ ஊற்றினாள். ஜானுசாக்குக்கோ செவலை ஞாபகம் வந்துவிட்டது.

குட்டியிலிருந்து தன் கையால் வளர்த்த குதிரை. ஆபீஸ் வேலைக்கு என்று சொல்லிப் பண்ணைத் தலைவர் சாதிர் அதை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். கெஞ்சியும் பார்த்தாயிற்று, முறைத்தும் பார்த்தாயிற்று. மனிதர் மசியவில்லை.

ஆனால் சுயின்ஷிக்கு மசியாத கசாக்கியன் உண்டா? நல்ல சேதியோடு வருகிறவன் அந்தப் பரிசைக் கேட்டுவிட்டால், "வேண்டியதை எடுத்துக்கொள்" என்று சொல்லித்தான் ஆகவேண்டும். சேதி மட்டும் புதுசாக இருக்க வேண்டும்.

"விருந்தாளிய விட்டுட்டு எங்க கெளம்பிட்ட?" என்றாள் உல்பிகே.

"நீ பாத்துக்க. நான் சுயின்ஷி கேக்கப் போறேன்."

"வானத்துல இருந்து ஆள் வந்திருக்கு. இப்போ உனக்குக் குதிரை கேக்குது."

கையில் இருந்தது ஒட்டகம்தான். அது தன் இஷ்டத்துக்கு அசைந்து போய்ச் சேர்வதற்குள், ஆபீஸ் வானொலி முந்திக்கொண்டது. விண்வெளி வீரர் பத்திரமாகத் திரும்பிவிட்டாராம். ஜானுசாக் உள்ளே நுழையும்போதே அது காதில் விழுந்தது. இருந்தாலும் விடவில்லை.

"சுயின்ஷி, தலைவரே."

"பழைய சேதிக்கு ஏதுய்யா சுயின்ஷி? ஊரே கேட்டுட்டு இருக்கு."

"எறங்கினது பழசு. எங்க எறங்கினாருன்னு உங்க பெட்டி சொல்லுச்சா?"

சாதிர் நிமிர்ந்தார். "எங்க?"

"மொதல்ல சுயின்ஷி."

ஆபீஸே வேடிக்கை பார்த்தது. இத்தனை பேர் முன்னால் மறுத்தால் மானம் போய்விடும். "சரி, வேண்டியதை எடுத்துக்க. சொல்லித் தொலை."

"நம்ம பண்ணையில. என் வீட்டுல உக்காந்து டீ குடிச்சிட்டு இருக்காரு."

சொல்லிக்கொண்டே ஜானுசாக் குதிரைக் கொட்டகைக்குப் போய்விட்டார். செவலை அவர் கழுத்தில் மூக்கை வைத்து மோந்தது. ஜானுசாக் அழுதேவிட்டார்.

"யோவ், சேத்துல ஜீப்பு போகாது. இது இல்லாம நான் அங்க எப்படிய்யா போவேன்?" என்று சாதிர் பின்னாலேயே ஓடிவந்தார்.

"ஒட்டகம் நிக்குது பாருங்க, தலைவரே."

செவலையில் ஜானுசாக் வீடு திரும்பியபோது, ஹெலிகாப்டர் வந்து விருந்தாளியை ஏற்றிக்கொண்டு போயிருந்தது. சாதிர் வந்து சேர்ந்தபோது பொழுதே சாய்ந்துவிட்டது.

பின்னாளில் விண்வெளி தினம் வந்தால் பள்ளிக்கூடத்தில் ஜானுசாக்கைத்தான் மேடையேற்றுவார்கள். அவரோ செவலையின் நடை, செவலையின் குறும்பு என்று பேசிவிட்டு இறங்குவார். ஒருமுறை ஆசிரியைக்குப் பொறுக்கவில்லை.

"அந்த விண்வெளி வீரரோட ரெண்டு வார்த்தை பேசாமப் போயிட்டோமேன்னு வருத்தமே இல்லையாண்ணே?"

"இருக்கும்மா. ஆனா அவரைக் கூட்டிட்டுப் போக ஒரு நாடே வந்துச்சு. செவலைக்கு என்னை விட்டா யாரு இருக்கா?"