மடித்த எக்ஸ்ரே

நாலு காணொளிகளைப் பார்த்த துணிவில், பழைய காரின் எஞ்சினை வீட்டு முற்றத்தில் கழற்றிப் பூட்டியவன் நான். வால்வுகளுக்கு மேலே இருந்த சிறு இடைவெளியைத் தேய்மானம் என்று நினைத்து, எட்டையும் இடைவெளியே இல்லாமல் இறுக்கிவிட்டேன். அதன்பின் எஞ்சின் இருமக்கூட மறுத்தது.

கொடிகாமத்திலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்தேன். எழுபது வயதிருக்கும், வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டு எண்ணெய் இல்லை.

"சூடேற வால்வு நீளும், தம்பி. இடம் விடாட்டி எப்பிடி மூடும்?" என்றார்.

இடைவெளி அளக்க என் புத்தம்புதிய கேஜை நீட்டினேன். அவர் திரும்பியும் பார்க்கவில்லை. சட்டைப்பையிலிருந்து இரண்டாக மடித்த கறுப்புப் பிளாஸ்டிக் துண்டொன்றை எடுத்து, ஒவ்வொரு வால்வின் மேலும் நுழைத்து இழுத்துப் பார்த்துத் திருகினார். வெயிலில் அதில் விலா எலும்பு தெரிந்தது.

"என்னண்ணை, எக்ஸ்ரேயோ?"

"ஓம். என்ரை மூத்தவன்ரை நெஞ்சு. சண்டைக்காலத்திலை கேஜ் எங்கை கிடைச்சது? ரண்டாய் மடிச்சால் அளவு சரி."

"இப்ப கடையிலை கிடைக்குதே. உந்தப் படத்தை வீட்டிலை பத்திரமாய் வைக்கலாமே?"

"வீட்டிலை கிடந்து என்ன செய்யப்போறான்? இஞ்சை எண்டாலும் ஒரு வேலை செய்யிறான்."

எஞ்சின் முதல் திருப்பிலேயே பிடித்தது. அவர் எக்ஸ்ரேயைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். நான் உடனே என் கேஜால் வால்வுகளை அளந்தேன். எட்டிலும் மயிரிழை பிசகில்லை.

மனைவியிடம் எல்லாவற்றையும் உருகி உருகிச் சொன்னேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"அளவெல்லாம் சரிபாத்திட்டியள். அந்தப் பொடியன் உயிர் தப்பினவனோ எண்டு கேட்டனீங்களோ?"