அந்துருண்டை வாசனை அடித்த சுருட்டுகள்

ஒரு சில்வர் டிபன் டப்பாவும் கொஞ்சம் ஈரப் பஞ்சும் இருந்தால் மாமாவின் வேலை பிழைத்துவிடும் என்று எனக்குத் தோன்றியது, ஏழாம் வகுப்பில், வரலாற்றுப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது. அதற்குப் பிறகு டீச்சர் சொன்ன ஒரு வார்த்தைகூடக் காதில் ஏறவில்லை. மணி அடித்தால் போதும், வீட்டுக்கு ஓடிவிடலாம் என்று உட்கார்ந்திருந்தேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வெளிநாட்டு மேனேஜர் ஒருவருக்குக் கார் ஓட்டினார். காண்ட்ராக்ட் வேலை. மேனேஜர் லீவில் ஊருக்குப் போகும்போது தன்னுடைய சுருட்டுப் பெட்டியை மாமாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாராம். திரும்பி வந்ததும் மாமாவைப் பர்மனன்ட் ஆக்கச் சொல்லி ஆபீசில் பேசுவாராம். இதெல்லாம் மாமா எங்களிடம் சொன்னது. பெட்டி கெட்டால் பேச்சும் கெட்டது என்பது மட்டும் எனக்குப் புரிந்தது.

பெட்டி வந்த அன்றே அம்மா வாசலில் மறித்தாள்.

"தறியில கல்யாணப் புடவை ஓடிக்கினு இருக்குது. பட்டு நாத்தத்த இழுத்துக்கும்டா. பொண்ணு வூட்டுக்காரங்க மோந்து பாத்துட்டு கேட்டா நான் என்னா சொல்றது? மாப்ள சுருட்டு புடிப்பாருன்னா?"

அவள் சொன்னதில் மிகையில்லை. புடவையை அறுத்துத் தறியிலிருந்து இறக்கும்வரை எங்கள் வீட்டில் மீன் குழம்பு கிடையாது. அதனால் பெட்டி மாடிக்குப் போனது. ஆஸ்பெஸ்டாஸ் போட்ட மாமாவின் அறையில் ஒரு டிரங்குப் பெட்டி இருந்தது. விலை உயர்ந்த பொருளைப் பத்திரப்படுத்த எங்கள் தெருவுக்கே ஒரு வழிதான் தெரியும். ஈரம் அண்டக்கூடாது, பூச்சி அண்டக்கூடாது. மாமா சுருட்டுகளை உறையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, துவைத்துக் காய்ந்த வெள்ளை வேட்டித் துணியில் படுக்க வைத்து, சுற்றி, நாலு மூலையிலும் அந்துருண்டை போட்டு மூடினார். முகூர்த்தப் புடவைக்குக்கூட அவ்வளவு பணிவிடை நடந்திருக்காது.

பிறகு ஒருநாள் அவருடைய செல்போனில் எதையோ தேடப்போய், சுருட்டு என்பது பட்டுக்கு நேர் எதிர் என்று கண்டுபிடித்தேன். அதற்கு ஈரம் வேண்டும். அதுவும் அளவான ஈரம். அறுபத்தைந்து சதவீதத்துக்குக் கீழே போனால் காய்ந்துவிடும், எழுபதுக்கு மேலே போனால் பூஞ்சை பிடிக்கும். அதற்கென்றே ஹ்யூமிடார் என்று ஒரு பெட்டி விற்கிறார்கள். உள்ளே ஏதோ ஒரு வகை தேவதாரு, மூடியில் ஈரம் காட்டும் மீட்டர். நாங்கள் இருவரும் தரையில் உட்கார்ந்து ஒன்றொன்றாகத் தள்ளிப் பார்த்தோம். கண்ணாடிக் கதவு வைத்த ஒன்றைப் பார்த்ததும் மாமா கேட்டார்:

"இதுல சுருட்ட வெக்கிறதா, சாமிய வெக்கிறதா பாப்பா?"

விலையைப் பார்த்ததும் செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். அதற்கு மறுநாள்தான் வகுப்பில் எனக்கு டிபன் டப்பா தோன்றியது. மூடி இறுக்கமாக இருந்தால் போதும், மரம் கட்டாயமில்லை என்று ஒருவர் வீடியோவில் சொல்லியிருந்தார்.

டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். துணியைப் பிரித்ததும், கோயிலுக்குப் புறப்படும்போது அம்மா பீரோவைத் திறந்தால் வருமே, அதே வாசனை. மாமா ஒரு சுருட்டை எடுத்தார். வெளி இலை அப்பளம் மாதிரி நொறுங்கி மடியில் உதிர்ந்தது. உதிர்ந்ததை அவர் விரலால் தொட்டுத் தொட்டு எடுத்துத் துணியிலேயே திரும்ப வைத்தார்.

நான் விடவில்லை. மெக்கானிக் கடையில் பேட்டரித் தண்ணீர் வாங்கி வந்தேன்; குழாய்த் தண்ணீர் ஆகாதாம். சுருட்டுகளை டிபன் டப்பாவில் அடுக்கி, அந்தத் தண்ணீரில் நனைத்த பஞ்சை அவற்றின் மேல் படாமல் சோடா மூடியில் வைத்தேன். ஆன்லைனில் வாங்கிய மலிவான மீட்டரை ஈர உப்போடு பையில் கட்டிவைத்துச் சரிபார்த்தேன்; எழுபத்தைந்து காட்டினால் மீட்டர் சரியாம். சில நாளில் மீட்டர் ஏறியது. மிச்சமிருந்த சுருட்டுகள் அழுத்தினால் மெல்ல அமுங்கி எழுந்தன. ஈரம் திரும்பிவிட்டது. அந்துருண்டை மட்டும் போகவே இல்லை. டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் அதுதான் முதலில் வந்து முகத்தில் அறைந்தது. மாமா தினமும் காலையில் மூடியைத் திறந்து மோந்துவிட்டு மூடுவார். மீட்டரைப் படம் எடுத்து மேனேஜருக்கு வாட்ஸாப்பில் அனுப்புவார். எல்லாவற்றுக்கும் ஒற்றை டிக்தான். அந்த ஊரில் சிக்னல் கிடைக்காதுபோல என்று நான் சமாதானம் சொன்னேன்.

ஒரு காலையில் அம்மா மாடிக்கு வந்தாள். கட்டிலுக்கு அடியில் துணி போட்டு மூடியிருந்ததை இழுத்தாள். சுருட்டுப் பெட்டியோடு மாமா கொண்டுவந்திருந்த மேனேஜர் வீட்டு ரைஸ் குக்கர், இஸ்திரிப் பெட்டி, மடித்த திரைச்சீலைகள்.

"டேய், லீவுல போறவன் ரைஸ் குக்கர எதுக்குடா குடுத்துட்டுப் போறான்?"

மாமா டிபன் டப்பாவின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். கீழே தறிச் சத்தம் நின்று, அப்பா படியேறி வந்தார். குக்கரைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

"வுடுமா. மச்சான், வா, டீ சாப்புட்டு வருவோம்."

"இல்லீங்க. இந்த வாசனைய மொதல்ல எடுத்துடணும். அவரு வந்தா கேப்பாரு."

அப்பா கீழே போய்விட்டார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சுருட்டு நாற்றம் தாங்காமல்தான் துடைக்கிறாள் என்று நினைத்தேன்.

அடுப்புக்கரி வைத்தால் அது நாற்றத்தை இழுத்துவிடும் என்று அதற்குள் நான் செல்போனில் படித்துவிட்டிருந்தேன். சொன்னதும் மாமா நிமிர்ந்தார்.

"அப்படியா பாப்பா? நாளைக்கு இஸ்திரிக்காரர்கிட்ட கொஞ்சம் கரி கேட்டு வாங்கிக்கினு வரேன். கழுவி, வெயில்ல காயவெச்சு, மெல்லிசுத் துணியில கட்டி வெப்போம்."

"நாளைக்கும் டூட்டி இல்லியா மாமா?"

"இல்லமா."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மறுநாள் சனிக்கிழமை, பள்ளிக்கூடமும் இல்லை. கரி காய ஒரு முழு வெயில் கிடைக்கும், காவலுக்கு மாமாவும் வீட்டிலேயே இருப்பார்.