பள்ளிமுனைக்கு இருபத்தாறு இறாத்தல்

புள்ளிவிபரம் எடுக்க வருகிறவனுக்குச் சனங்கள் மரியாதையாகத் தேத்தண்ணி தருவார்கள். அதற்குச் சீனி போடுகிற நேரத்துக்குள் எந்த உண்மையைச் சொல்வது, எதை விடுவது என்று முடிவு செய்துவிடுவார்கள். கூட்டி, வகுத்து, தசமப் புள்ளியைத் தொலைத்து வாழ்நாளைக் கழித்த என் சக பாவிகளே, உங்களுக்கு இது தெரிந்ததுதான். மன்னார்க் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்கக் கந்தோரில், புள்ளிவிபர உத்தியோகத்தனாக இருந்த காலத்தில் என் கையால் போன ஓர் அட்டவணையைப் பற்றி இங்கே எழுதுகிறேன்.

வகுப்பு

பகலில் கச்சேரி. பின்னேரத்தில், கூட்டுறவுச் சங்கங்களில் கணக்கெழுதும் லிகிதர்களுக்கு ஆரம்பப் புள்ளிவிபர வகுப்பு. எட்டுப் பேர் வருவார்கள். பாடப்புத்தகத்தில் மாணவர் புள்ளிகளை வைத்துத்தான் எல்லா உதாரணமும் இருந்தது. நான் ஊருக்கு ஏற்றமாதிரி மீனுக்கு மாற்றினேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"எல்லா வள்ளத்து மீனையும் ஒரே குவியலாகக் கொட்டி, வள்ளத்துக்கு வள்ளம் சமனாகப் பங்குபோட்டால் வருவதுதான் சராசரி" என்று சொல்லிவிட்டு, இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது என்ற திருப்தியோடு சோக்கைக் கீழே வைத்தேன். பள்ளிமுனை மீனவர் சங்கத்தின் லிகிதர், யோசப்பின் என்ற பெண், முன்வாங்கில் இருந்தாள். கொப்பியில் எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்து சொன்னாள்: "அப்பிடி ஒருநாளும் ஆரும் கொட்டிறேல்லையே, சேர்."

பதினொரு வள்ளம்

அந்த வருடம் அடித்த காற்றில் கரையோரமெங்கும் வலைகள் போயின. நட்டப்பட்ட வட்டாரங்களுக்கு நைலோன் வலை கொடுக்கக் கொழும்பில் ஒரு திட்டம் போட்டார்கள். வள்ளமொன்று நாளொன்றுக்குப் பிடிக்கும் மீனின் சராசரி இருபத்தைந்து இறாத்தலுக்குக் குறைவாக இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. பள்ளிமுனையின் கணக்கு என்னிடம் வந்தது.

யோசப்பின் கொண்டுவந்த தாளில், தொழிலுக்குப் போன நாட்களில் ஒவ்வொரு வள்ளமும் நாளொன்றுக்குப் பிடித்த அளவு இறாத்தலில் இருந்தது: 8, 10, 10, 12, 12, 12, 15, 18, 20, 23. பதினோராவது, ஊரின் பெரிய முதலாளியான சம்மாட்டியாரின் இயந்திரப் படகு: 300. எட்டு இறாத்தல்காரர் செபமாலை. வலையின் முக்கால்வாசியைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைத் தைத்துத் தைத்துத் தொழில் செய்தவர்.

மொத்தம் 440. பதினொன்றால் வகுத்தால் நாற்பது. பத்துப் பேர் எட்டாத நாற்பது! வரிசையில் நடுவில் நிற்பதை இடையம் என்கிறோம், அது பன்னிரண்டு. கூடிய தடவை வருவதை ஆகாரம் என்கிறோம், அதுவும் பன்னிரண்டு. பள்ளிமுனை எப்படிச் சீவிக்கிறது என்று யாராவது கேட்டால் பன்னிரண்டு என்பதுதான் நாணயமான பதில். இதையெல்லாம் தலைமை லிகிதருக்கு விளக்கினேன். வீச்சையும், அதாவது முந்நூறுக்கும் எட்டுக்கும் உள்ள இடைவெளியையும், விடவில்லை. அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். "தம்பி, ஃபோமில சராசரிக்கு மட்டும்தான் ஒரு பெட்டி கிடக்கு. உம்மட இடையத்தை எங்க வைக்கிறது, என்ர மடியிலயோ?"

வெறும் கட்டம்

பெட்டி ஒன்றுதான் என்பது என் குற்றமல்ல. அடுத்தது என் குற்றம்.

கணக்கு எடுத்த மாதத்தில் பதினெட்டு நாள்தான் வள்ளங்கள் இறங்கின. காற்று உரத்ததால் ஆறு நாள் போகவில்லை. நான்கு ஞாயிறு. வட்டாரத்தில் இரண்டு செத்தவீடு. சவம் எடுக்கிற நாளில் ஒரு வள்ளமும் இறங்காது. இந்தப் பன்னிரண்டு நாட்களுக்கும் யோசப்பின் பூச்சியம் போட்டிருந்தாள். நான் சிவப்பு மையால் அத்தனையையும் வெட்டினேன். "அளந்து ஒன்றும் கிடைக்காவிட்டால்தான் பூச்சியம். அளக்கவே இல்லையென்றால் கட்டத்தை வெறுமையாக விடவேண்டும்" என்று போதித்தேன். விதி சரியானதுதான். நாளொன்றுக்கு என்று படிவம் கேட்டதை, கடலுக்குப் போன நாளொன்றுக்கு என்று நான் வாசித்ததுதான் பிழை.

யோசப்பின் வெட்டுக்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "அந்தப் பன்னிரண்டு நாளும் பிள்ளையளின்ர கோப்பையையும் வெறுமையா விடுறதோ, சேர்?"

முப்பத்திரண்டு

பள்ளிமுனைக்கு வலை இல்லை, சராசரி நாற்பது என்று கடிதம் வந்தது. மூன்றாம் நாள் செபமாலை கச்சேரிக்கு வந்தார். சண்டை பிடிக்க வருகிறார் என்று நினைத்து, பாதுகாப்புக்காக ஒரு ஃபைலை விரித்து வைத்துக்கொண்டேன். அவர் சண்டை பிடிக்கவில்லை. தன் பெயருக்கு நேரே இருந்த எட்டைக் காட்டச் சொன்னார். பிறகு கடிதத்தில் இருந்த நாற்பதைக் காட்டச் சொன்னார். இரண்டின்மேலும் விரலை வைத்துப் பார்த்தார்.

"அப்ப என்ர மிச்ச முப்பத்திரண்டு இறாத்தலையும் ஆர் சேர் கொண்டுபோறது?"

திருத்தம்

அன்று பின்னேரம் வகுப்பை நிறுத்திவிட்டு மறுபடியும் இருந்து கணக்குப் பார்த்தேன். பன்னிரண்டு பூச்சியங்களையும் திரும்பச் சேர்த்து, பதினெட்டு நாள் மீனை முப்பது நாளுக்குப் பரப்பினேன். இருபத்துநான்கு வந்தது. நிபந்தனைக்கு ஓர் இறாத்தல் கீழே. என் சிவப்பு மைதான் வலையைத் தடுத்திருக்கிறது. பிழை என்னுடையது என்று ஒப்புக்கொண்டு கொழும்புக்கு எழுதினேன். அரசாங்கச் சேவையில் நான் எழுதிய ஒரே நேர்மையான கடிதம் அது.

பதில் வரும்வரை ஒரு மாதம் பொறுக்கும்படி செபமாலையிடம் சொன்னேன். வலை பொறுக்காது, தான் சங்கு குளிக்கப் போவதாகச் சொன்னார். இளவயதில் குளித்தவராம். இப்போது ஐம்பத்துமூன்று வயது. "இந்த வயதில வேண்டாம், அண்ணை. ஒரு மாசம்தானே" என்றேன்.

"மாசம் எண்டு சொல்ல உங்களுக்கு ஒரு சொல்லுத்தான் சேர். எனக்கு முப்பது நாள் உலை வைக்கவேணும்."

சங்கு

மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, செபமாலை குளித்தவர் மேலே வரவில்லை. கூடப்போன இரண்டு பேர் இறங்கித் தூக்கி வந்தார்கள். இடுப்புப் பையில் நான்கு சங்குகள் இருந்தன.

சவம் எடுத்த அன்று, கோயில் முற்றத்தில் நான் எங்கே நிற்பதென்று தெரியாமல் நின்றேன். தூக்கி வந்தவர்களில் ஒருவர் பக்கத்தில் வந்தார். அவராகவே சொன்னார்: "மூச்சு அந்தநாள் அளவுக்கு இருக்கெண்டு நினைச்சிட்டார், சேர்."

பத்து வள்ளம்

எட்டு நாள் கழித்துப் பதில் வந்தது. திருத்தத்தைக் கொள்கையளவில் ஏற்றுக்கொள்கிறார்களாம். ஆனால் தற்போது தொழிலில் இல்லாத வள்ளங்களைப் பட்டியலில் இருந்து நீக்கி, அதே மாதத்துக்கு மறுபடியும் கணித்து அனுப்பவேண்டுமாம். செபமாலையின் வள்ளம் கரையில் கவிழ்ந்து கிடந்தது.

நீக்கினேன். 440 இல் எட்டுப் போக 432. பத்தால் வகுத்து, முப்பது நாளுக்குப் பரப்பினால் 25.92. கிட்டிய முழு எண்ணுக்கு இருபத்தாறு, நிபந்தனைக்கு ஓர் இறாத்தல் மேலே. கூட்டத்தில் ஆகச் சிறிய எண்ணை எடுத்துவிட்டால் மிச்சப் பேரின் சராசரி ஏறும். ஒருவரும் ஒரு மீன்கூட மேலதிகமாகப் பிடிக்கவில்லை. ஓர் ஆள் இல்லாமல் போனதால் பள்ளிமுனை இரண்டு இறாத்தல் முன்னேறிவிட்டது. யோசப்பின் என் மேசைக்கு முன்னால் நின்று, "பதினொண்டெண்டு எழுதுங்கோ சேர், ஆர் வந்து எண்ணப்போறான்?" என்று கெஞ்சினாள். நான் பத்து என்று எழுதினேன். என் கைக்கு வேறு பழக்கம் இருக்கவில்லை.

வலை வராது என்பதைக் கடிதம் சொல்லமுதல் நானே போய்ச் சொல்லவேண்டும் என்று செபமாலையின் மனைவி லூர்தம்மாவிடம் போனேன். எட்டு, பதினொன்று, பத்து எல்லாவற்றையும் அவருக்கு விளங்கும்படி சொன்னேன். விளங்கிவிட்டது, அதுதான் சங்கடம். கறுத்த சீலைத் தலைப்பைக் கையில் சுற்றியபடி, கோபமில்லாமல், தெரியாத ஒன்றைக் கேட்பவரைப் போலக் கேட்டார்: "அவர் இருக்கேக்கை எங்களுக்குக் கூடுதல் எண்டு சொன்னியள். செத்தாப்பிறகும் கூடுதல் எண்டுறியள். அப்ப எங்களுக்குக் குறைவா இருந்தது எந்த நாள், சேர்?"

என் சேவைக்காலம் முழுவதிலும் நான் கூட்டியதிலோ வகுத்ததிலோ ஒரு பிழையும் இல்லை என்று ஓய்வுபெற்ற அன்று கந்தோரில் எழுதித் தந்தார்கள். சரிபார்த்தேன், அதிலும் பிழையில்லை.