பூச்சியெல்லாம் இல்லீங்க

பாறை ஏறக் கற்றுக்கொடுக்கிற தொழிலில் ஆட்களைப் பாதியில் கீழே இறக்குவது பெரும்பாலும் உயரம் அல்ல, பூச்சிதான். காட்டில் நின்றபடி கெண்டைக்காலைச் சொறிந்து பழகியவர் என்றால் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நான் சேந்தமங்கலத்துக்காரன். ஒன்பது வருஷமாகக் கொல்லிமலையில், திண்ணனூர் நாட்டுப் பக்கத்துப் பாறைகளுக்கு வெளியூர்க்காரர்களைக் கூட்டிப் போகிறேன். கூட வேலை செய்கிறவர் செல்லக்கண்ணு. மலைக்காரர், மிளகும் மரவள்ளியும் போடுகிறவர், கயிறு பிடிப்பதில் என்னைவிடக் கெட்டி. மலைமேல் சோளக்காடு என்கிற ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் எல்லாரும் கேட்பது, அங்கே பூச்சி கடிக்குமா என்றுதான். பயந்து திரும்பிவிடுவார்களோ என்று, பூச்சியெல்லாம் இல்லீங்க என்று சொல்லிப் பழகிவிட்டேன். அதனால் நான் தலைகுனிந்த இடங்கள் நிறைய. நினைவில் உறுத்துகிற சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

பலாமரத்து முசுறு

பாறையின் உச்சியில் ஒரு பலாமரம் இருக்கிறது. கயிறு கட்ட அதைவிட நல்ல மரம் அந்தப் பக்கம் கிடையாது. அன்றைக்கு முடிச்சை மூன்று தடவை இழுத்துப் பார்த்தேன், அண்ணாந்து மட்டும் பார்க்கவில்லை. தலைக்கு மேலே, இலைகளைச் சேர்த்துத் தைத்த மாதிரி முசுறுக் கூடு ஒன்று தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. மரம் அசைந்ததும் அத்தனை சிவப்பு எறும்பும் கயிற்றில் வரிசையாக இறங்க ஆரம்பித்தன. எதிரே ஏறிக்கொண்டிருந்தவர் சேலத்துக்காரர், பேங்கில் மேனேஜர். அவருடைய சட்டைக்குள் அவை புகுந்தபோது இரண்டு கையும் பாறையில் இருந்ததால் அவரால் தட்டிவிடக்கூட முடியவில்லை. நானோ என்ன ஏது என்று தெரியாமல், இன்னும் நாலடிதான் சார், விடாமல் ஏறுங்கள் என்று கீழே இருந்து உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தேன். இறங்கி வந்தவரின் கழுத்தும் முதுகும் தடித்துப் போயிருந்தன. சட்டையை உதறி மாட்டிக்கொண்டு பொறுமையாகச் சொன்னார்: "கயிறு உறுதியா இருக்கான்னு பாத்தீங்க சார். மரத்துல யாரு குடியிருக்காங்கன்னு பாக்கலையே."

சூடு வைத்த வைத்தியம்

நாமக்கல்லில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கும் டீச்சர் ஒருவர். ஏறி முடித்து இடுப்பு பெல்ட்டைக் கழற்றியபோது, இடுப்போரம் உண்ணி ஒன்று தலையைப் புதைத்துக்கொண்டு மிளகு மாதிரி உப்பியிருந்தது. நுனி கூரான இடுக்கி இருந்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்துவிடலாம் என்றார். என் முதலுதவிப் பெட்டியில் இடுக்கி இல்லை. இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. இதற்கெல்லாம் எங்கள் ஊர் வைத்தியம் இருக்கிறது என்று சொல்லி, தீக்குச்சியைக் கொளுத்தி அணைத்து, அந்தச் சூட்டோடு உண்ணிமேல் வைத்தேன். வேண்டாம் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் வைத்துவிட்டேன். உண்ணி நகரவில்லை. டீச்சர்தான் துள்ளினார். கடைசியில் செல்லக்கண்ணு ஒரு வீட்டில் புருவம் திருத்துகிற இடுக்கி வாங்கி வந்து எடுத்துவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து, சோளக்காட்டுச் சந்தையில் பலாப்பழம் பார்த்துக்கொண்டிருந்த டீச்சரைச் சந்தித்தேன். இப்போது எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன். அவர் பழத்தைத் தட்டிப் பார்த்தபடியே சொன்னார்: "உண்ணி கடிச்சது அந்த வாரமே ஆறிடுச்சுங்க. நீங்க வச்சதுதான் இன்னும் ஆறலை."

முதலில் ஓடியவன்

ஐந்து கல்லூரி மாணவிகள். இன்னும் யாரும் கயிற்றில் ஏறவில்லை. ஆபத்து வந்தால் பதறக் கூடாது, நான் சொல்கிறபடி வரிசையாக நகர வேண்டும் என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். முட்டுக் கொடுத்திருந்த கையை ஒரு பாறைப் பிளவில் நுழைத்துவிட்டேன் போல. உள்ளிருந்து கருப்பாகக் கூட்டம் ஒன்று கிளம்பி என் தலைமுடிக்குள் புகுந்து கடித்தது. தேனீ என்பது மட்டும்தான் புத்தியில் உறைத்தது. ஒரு வார்த்தை சொல்லாமல் ஓடினேன். மரவள்ளித் தோட்டத்தைத் தாண்டித்தான் நின்றேன். திரும்பிப் பார்த்தால் அந்தப் பெண்கள் நின்ற இடத்திலேயே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செல்லக்கண்ணு நிதானமாக நடந்து வந்து, என் தலையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். "கொசுத்தேனீங்க இது, கொடுக்கே கிடையாது. அந்தப் புள்ளைங்களையாவது ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாமுங்க."

ஈரோட்டிலிருந்து வந்த போன்

இதை எழுதலாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். ஈரோட்டிலிருந்து தேன்மொழி என்பவரும் அவர் கணவரும் வந்திருந்தார்கள். மதியம் பாறையடியில் சாப்பிட உட்காரும்போது, புல்லில் ஏதாவது கடிக்குமா என்று அந்தம்மா கேட்டார். செல்லக்கண்ணு தார்ப்பாயை எடுத்து வர எழுந்தார். அது தூரத்தில் ஜீப்பில் இருந்தது. பூச்சியெல்லாம் இல்லீங்க, உட்காருங்க என்றேன். ஒரு மணி நேரம் அந்தப் புல்லிலேயே சாய்ந்து ஓய்வெடுத்தார்கள்.

பன்னிரண்டாம் நாள் கணவர் போன் செய்தார். மனைவிக்கு நாலு நாளாகக் காய்ச்சல் விடவில்லை, டெங்குவும் இல்லை, டைபாய்டும் இல்லை என்கிறார்கள், அங்கே ஓடைத் தண்ணீர் ஏதும் குடித்தாளா என்று கேட்டார். எனக்கு உடனே புரிந்துவிட்டது. முந்தின வருஷம் செல்லக்கண்ணு இதே காய்ச்சலில்தான் படுத்துக் கிடந்தார். கண்ணுக்கே தெரியாத புல் உண்ணி கடித்து வருவது. கடித்த இடம் வலிக்காது, அரிக்காது, சிகரெட்டால் சுட்ட மாதிரி கருப்பாய் ஒரு பொருக்கு மட்டும் இருக்கும். இவ்வளவும் தெரிந்த நான், கேன் தண்ணீர்தான் சார் குடித்தோம் என்று சொல்லி போனை வைத்தேன். புல் என்ற வார்த்தை வாயில் வரவில்லை. பக்கத்தில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்த செல்லக்கண்ணு யாரென்று கேட்டார். சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. கையை மட்டும் நீட்டினார். போனை வாங்கி அவரே திரும்பக் கூப்பிட்டார். அக்குள், இடுப்பு, முழங்கால் மடிப்பெல்லாம் பார்க்கச் சொன்னார், உண்ணிக் காய்ச்சலாக இருக்குமோ என்று டாக்டரிடம் கேட்கச் சொன்னார். ஏறும்போது பெல்ட்டின் கால்பட்டை இறுக்கியிருந்த தொடையிடுக்கில் பொருக்கு இருந்திருக்கிறது. அதற்குண்டான மாத்திரை கொடுத்து இரண்டாம் நாளே காய்ச்சல் இறங்கிவிட்டது.

ஒரு மாதம் கழித்து ஈரோட்டுக்குப் பார்க்கப் போனேன். தேன்மொழி பாதியாக இளைத்திருந்தார். முடியெல்லாம் கொட்டியிருந்தது. சரியான நேரத்தில் உங்கள் ஆள் சொன்னதால் பிழைத்தேன் என்று டீ போட்டுக் கொடுத்தார். உங்கள் வீட்டுக்காரர் முதலில் போன் செய்தபோதே என்ன காய்ச்சல் என்று எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டேன். அவர் தன் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: "அவசரத்துல நீங்க சொல்ல மறந்துட்டீங்கன்னுதான் இத்தனை நாளா நெனச்சிட்டிருந்தேங்க."

ஒன்பது வருஷத்தில் பாறையிலிருந்து நான் ஒரு தடவைகூட விழுந்ததில்லை, விழுந்ததெல்லாம் தரையில் நின்று பேசிக்கொண்டிருந்தபோதுதான்.