சூடு ஆறாத கட்டில்

பூட்டனைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், குடும்பத்தைத் தூக்கி நிறுத்த மேற்கே போன மகான் என்று வீட்டில் ஆளாளுக்கு ஆரம்பித்துவிடுவார்கள். மகானாவது மண்ணாங்கட்டியாவது. கிழக்கே ஒரு தச்சுப் பட்டறையில், முதலாளியின் நாற்காலிக்கு மூன்று காலை மட்டும் ஒழுங்காகப் பொருத்திவிட்டு, நாலாவதைச் சும்மா நிறுத்திவைத்து வேடிக்கை பார்த்த ஆசாமி அவர். முதலாளி மல்லாக்க விழுந்தார், இவருக்கு வேலை போனது. இவன் கைவரிசை தெரிந்த பிறகு எவன் வேலை கொடுப்பான்? வேறு வழியில்லாமல்தான் ரயிலேறினார்.

மேற்கே ஒரு கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. உலை அணையக் கூடாது என்பதால் பகல் ஷிப்ட், இரவு ஷிப்ட் என்று ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். பூட்டனுக்குப் பகல். ஊதி முடித்த பாட்டிலை நீளக் கம்பியில் தாங்கிக்கொண்டு போய் ஆறவைக்கும் அறையில் அடுக்க வேண்டும். தங்குவதற்கு ஒரு அம்மாளின் வீட்டு மாடியில் கட்டில் பிடித்தார். முதல் நாள் வேலை முடிந்து களைத்துப்போய்ப் படுத்தால் மெத்தை வெதுவெதுவென்று இருந்தது. அடடா, நமக்காக மெத்தையைக் கூடச் சூடுபண்ணி வைத்திருக்கிறாளே, எப்பேர்ப்பட்ட மனசு என்று உருகிப்போனார். தலையணையில் ஒரு முரட்டு மீசை முடி கிடைத்த பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. புண்ணியவதி ஒரே கட்டிலை இரண்டு பேருக்கு வாடகைக்கு விட்டிருந்தாள். பகலெல்லாம் இரவு ஷிப்ட்காரன் படுத்துவிட்டுப் போவான், ராத்திரி இவர் படுப்பார். அவன் தொழிற்சாலைக்குள் நுழைவது பின்வாசல், இவர் வெளியே வருவது முன்வாசல். அதனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே கிடையாது.

முகம் தெரியாத ஆள் கிடைத்தால் பூட்டனுக்குக் கை சும்மா இருக்குமா? கட்டிலின் குட்டைக் காலுக்கு முட்டுக்கொடுத்திருந்த செங்கல்லை உருவிவிட்டு வேலைக்குப் போனார். மாலையில் வந்து பார்த்தால் அவன் போர்வையை மடித்து நாலு பக்கமும் நெருக்கித் தைத்து வைத்திருந்தான். சரிதான், நமக்கேற்ற ஆள்தான் என்று பூட்டனுக்கு ஒரே குஷி. இவர் மெத்தைக்குள் சர்க்கரையைத் தூவி எறும்பைக் கூப்பிட்டார். அவன் தலையணையை மூட்டுவலித் தைலத்தில் ஊறப்போட்டான். இப்படியே மாதக்கணக்கில் போனது.

இதற்கிடையில் பூட்டன் ஒரு பெண்ணிடம் மனதைப் பறிகொடுத்தார். பாட்டிலை விளக்குக்கு நேரே பிடித்து விரிசல் பார்க்கிற வேலை அவளுக்கு. பெண்கள் விடுதியில் தங்கியிருந்தாள். ஒருநாள் சாப்பாட்டு வேளையில் இவர் தயங்கித் தயங்கி, "உங்களைக் கட்டிக்கலாம்னு இருக்கேன்" என்றார்.

"எனக்குச் சம்மதந்தான். ஆனா எங்க அண்ணன் சரின்னு சொல்லணும். தாய் தகப்பன் இல்லாத என்னை வளர்த்தவர். அவர் வேண்டாம்னா நான் வரமாட்டேன்."

"ஆள் எப்படி?"

"தங்கமானவர். நைட் ஷிப்ட். பாவம், அவர் படுக்கிற கட்டில்ல பகல் ஷிப்ட் சனியன் ஒண்ணு வந்து ஒட்டிக்கிட்டிருக்கு. மெத்தைக்குள்ள எறும்பு விட்டிருக்கான். கையில கிடைச்சா உலையில தூக்கிப் போட்டுடுவேன்னு சொல்லிக்கிட்டிருக்கார்."

அந்தச் சனியன் தான்தான் என்று பூட்டனுக்குப் புரிந்தது. அன்றைக்கே திருந்திவிட்டார். செங்கல்லைப் பழையபடி வைத்தார், மெத்தையை உதறினார், தலையணை உறையைத் துவைத்து அடுப்படியில் காயப்போட்டு மாட்டினார். எப்படியும் மச்சான் மனசு குளிர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டார்.

ஒரு வாரம் கழித்து அந்தப் பெண் கண்கலங்கி வந்து நின்றாள். "அண்ணன் தூங்கியே எத்தனையோ நாளாச்சு. அந்த ஆள் திடீர்னு கட்டிலைச் சுத்தமா வச்சிட்டுப் போறானாம். இதுல ஏதோ பெரிய சதி இருக்குன்னு இவர் பகல் முழுக்கத் தரையில உட்கார்ந்து கட்டிலையே பார்த்துக்கிட்டிருக்கார். நேத்து உலைகிட்ட நின்னுகிட்டே தூங்கிச் சாயப் பார்த்தார். பக்கத்துல இருந்தவங்க பிடிச்சிட்டாங்க. எனக்கு இருக்கிறது அவர் ஒருத்தர்தான்."

பூட்டனுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் மேலேயே கோபம் வந்தது. மறுநாள் காலை செங்கல்லை உருவி ஜன்னலுக்கு வெளியே எறிந்துவிட்டு வேலைக்குப் போனார். கட்டில் கோணிக்கொண்டு நிற்பதைப் பார்த்த மச்சான் நிம்மதியாக மூச்சு விட்டு, சாயங்காலம் வரை குறட்டை விட்டாராம்.

உலையைப் பழுதுபார்க்க எல்லாருக்கும் விடுமுறை விட்டபோது அவள் அண்ணனை டீக்கடைக்கு அழைத்து வந்தாள். மலை மாதிரி ஆள், கையெல்லாம் உலைச்சூடு பட்ட தழும்பு. பூட்டன் வாயை மூடிக்கொண்டு வேறு கட்டிலுக்கு மாறியிருந்தால் ஜென்மத்துக்கும் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அவள் அழுத முகம் கண்ணை விட்டுப் போகவில்லை.

"அந்தச் சனியன் நான்தாங்க" என்றார்.

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். அண்ணன் இவரை மேலும் கீழும் பார்த்தார். "எறும்பு?"

"நான்தான்."

"நடுவுல ஒரு வாரம் யோக்கியனா இருந்தியே?"

"அதுவும் நான்தான். மன்னிச்சிடுங்க. இனிமே செய்யமாட்டேன்."

அண்ணன் டீயை மெதுவாகக் குடித்து முடித்தார். "போர்வையைத் தச்சேனே, எப்படி இருந்துச்சு?"

"குளிர்ல செத்துப் பிழைச்சேன்."

அவருக்கு வந்த சிரிப்பில் பெஞ்சு ஆடியது. சிரித்து ஓய்ந்ததும், "கல்யாணம் ஆனா எங்க தங்கறதா உத்தேசம், மாப்பிள்ளை?" என்று கேட்டார்.

அந்தச் சொல்லைக் கேட்டதும்தான் பூட்டனுக்கு உயிர் வந்தது. "ஒரு அறை பார்த்து வச்சிருக்கேன். நீங்க கவலைப்படாதீங்க மச்சான், இனி கட்டில்ல நிம்மதியா தூங்கலாம்."

அண்ணனின் முகம் வாடிவிட்டது. காலி தம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னார்: "இந்த ஊர்ல எனக்குத் தங்கச்சியை விட்டா யாரும் இல்ல. அவளையும் வாரத்துக்கு ஒரு தடவைதான் பார்க்கிறேன். வேலை முடிஞ்சு வந்தா, இன்னைக்கு அந்தப் பய நமக்கு என்ன செஞ்சு வச்சிருக்கானோன்னுதான் மாடிப்படி ஏறுவேன். இனி என்னத்துக்கு ஏறுறது, மாப்பிள்ளை?"

மறுநாள் பூட்டன் போய் அந்த அறை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இரண்டு அறை இருக்கிற வீடாகத் தேட ஆரம்பித்தார்.