நான் இளைக்க வைத்த கேம் கன்சோல்

அந்தச் சனிக்கிழமை எங்கள் ஆபீஸின் கண்ணாடி அறைக்கு வெளியே நின்றிருந்தேன். உள்ளே என் மகள்கள் இருவரும் கார்ப்பெட்டில் உட்கார்ந்து, எங்கள் கம்பெனியின் கையடக்க கேம் கன்சோலில் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஹைதராபாத்தில் அதை வடிவமைத்து விற்கும் சின்னக் கம்பெனி எங்களுடையது. அவர்கள் கையில் இருந்தது பழைய மாடல். அடுத்துக் கொடுக்கப்போவது அதைவிட அகலம் குறைந்த, ஒல்லியான புது மாடல், முழுக்க முழுக்க நான் வரைந்தது.

புதியது தேறினால், அடுத்த வாரமே பட்டான்செருவில் இருக்கும் பட்டறையில் அதன் பிளாஸ்டிக் கூட்டை வார்க்கும் இரும்பு அச்சை வெட்டத் தொடங்கிவிடுவார்கள். வெட்டிய இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது. தேறாவிட்டால் என் டீமைக் கலைத்துவிடுவார்கள். மேலாளர் இதை ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார். டீமில் என்னையும் சேர்த்து ஐந்து பேர்; ஒரு பையன் அப்போதுதான் கல்யாணமாகி மதுரையிலிருந்து மனைவியைக் கூட்டிவந்திருந்தான். "இப்ப இருக்கிறதே நல்லா ஓடுது, எதுக்குக் கை வைக்கணும்?" என்று கேட்ட விற்பனைப் பிரிவோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டியது நான்தான். பழைய மாடலைச் செங்கல் என்று கேலி செய்ததும் நான்தான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

வெளியாட்களைக் கூப்பிட்டால் மாடல் கசிந்துவிடும் என்பதால், பரிசோதனைக்கு ஊழியர்களின் பிள்ளைகளைத்தான் வரவழைப்பது எங்கள் வழக்கம். மற்ற பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து, ஆடி, புதியதுதான் சூப்பர் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். கடைசியாக என்னுடையதுகள். ஒன்றாகத்தான் உள்ளே போவோம் என்று இரண்டும் அடம்பிடித்தன.

பெரியவள் கன்சோலின் இடது பக்கத்தைப் பிடித்து, கேமில் வரும் ஆளை ஓட்டினாள். சின்னவள் வலது பக்கத்தைப் பிடித்து, குதிக்கவும் அடிக்கவும் பட்டனை அமுக்கினாள். வீட்டிலும் அப்படித்தான். தோளோடு தோள் இடித்துக்கொண்டு, "ஜம்ப்! ஜம்ப்!" என்று ஒருத்தி கத்த, மற்றவள் தாமதமாக அமுக்க, சேர்ந்தே தோற்று, சேர்ந்தே திட்டிக்கொள்வார்கள். தினமும் பார்த்திருக்கிறேன். எனக்கு அது வெறும் இரைச்சலாகத்தான் பட்டிருந்தது.

பிறகு புது மாடலைக் கொடுத்தோம். பெரியவளின் இரண்டு கைக்குள் அது அம்சமாக அடங்கியது. அதற்காகத்தானே அத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன்! சின்னவள் வலது ஓரத்தில் விரலை நுழைக்கப் பார்த்தாள். இடமில்லை. அக்காவின் விரல் ஏற்கெனவே அங்கே இருந்தது. மறுபடியும் முயன்றாள். பெரியவள் முதுகைத் திருப்பிக்கொண்டாள். சின்னவள் கொஞ்ச நேரம் அந்த முதுகையே பார்த்துவிட்டு, கார்ப்பெட்டில் நூல் பிய்க்க ஆரம்பித்தாள்.

எனக்குப் பகீரென்றது. பக்கத்தில் நின்ற மேலாளர் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தார். தாத்தா காலத்திலிருந்து செகந்திராபாத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பம் அவருடையது; அந்த ஊர் உருது கலந்துதான் பேசுவார்.

"ஹவ் மேடம், சரிதான். பாத்தீங்களா? பெரியவ தலையே தூக்கல. மாடல் பாஸ்!" என்று வரைபடத்தை மேசையில் விரித்தார். "சைன் போடுங்க."

"இருங்க சார். சின்னவளைப் பாருங்க. இதை ரெண்டு பேரு பிடிக்க முடியாதுங்க. நான் ரொம்பக் குறைச்சுட்டேன். கொஞ்சம் டைம் கொடுங்க, அகலமா வரைஞ்சு தர்றேன்."

முடிவுக்காகப் பின்னாலேயே காத்து நின்ற என் டீமுக்கும் அது கேட்டிருக்கும். அந்த நால்வரையும் திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

"நக்கோ மேடம், வேணாம்," என்றார் மேலாளர். "நானும் சின்னவளைத்தான் பாத்துட்டிருந்தேன். வீட்ல ரெண்டு பசங்க, ஒரே செங்கலை வெச்சு ஓட்டிட்டிருந்தாங்க. இனிமே முடியாது. ரெண்டு வாங்குவாங்க. கைக்கு மாத்தணும்? எதுக்கு?"

அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. பிள்ளைகளைப் பிரித்துத்தான் வியாபாரம் செய்யணுமா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு சின்னவள் ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"மம்மி, அக்கா நாக்கு இவ்வட்லேது," என்று தெலுங்கில் தேம்பினாள். அக்கா தரமாட்டேன் என்கிறாளாம்.

யோசிக்கவே இல்லை. அழுகிற பிள்ளையிடம் எந்த அம்மாவும் சொல்வதைத்தான் சொன்னேன்.

"அழுவாத கண்ணு. உனக்குத் தனியா ஒண்ணு வாங்கித் தர்றேன்."

மேலாளர் சிரித்திருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அவர் சிரிக்கவில்லை.

"ஃபர்ஸ்ட் ஆர்டர் வந்துடுச்சு மேடம்," என்று மெதுவாகச் சொல்லி, பேனாவை என் பக்கம் நகர்த்தினார்.

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. சின்னவள் என் துப்பட்டாவில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அழுகை நின்றுவிட்டது. அறைக்குள் இருந்த அக்காவைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"நாதி ப்ளூ கலர், மம்மி," என்றாள். அவளுடையது நீலக் கலராம்.

கையெழுத்துப் போட்டேன்.